கட்டடத்துக்கு முதலில் காது கொடு

அன்புள்ள மருமகளுக்கு,

ஜமீன் மாளிகையை மியூசியமாக்கும் வேலையில் ஒலி உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன் மாமாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். எங்கள் இருவருக்கும் பெருமை தாங்கவில்லை. கடிதத்தைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கக் கேள்வி: எத்தனை ஸ்பீக்கர் வாங்குவது, எந்தக் கம்பெனி நல்லது, பின்னணிக்கு வீணை போடலாமா, புல்லாங்குழலா? இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். நீ இன்னும் அந்த மாளிகைக்குள் போய் ஒரு பொழுது சும்மா உட்காரவே இல்லை என்பது உன் கேள்வியிலேயே தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதே. சினிமா ஒலிக்கலவையில் நீ கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தியேட்டரில் ஜனங்கள் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கதவு சாத்தியிருக்கிறது. சுவரும் சத்தத்தை உறிஞ்சும்படி செய்தது. மியூசியத்தில் ஆள் நடக்கிறார், நிற்கிறார், பாதியில் திரும்புகிறார். பேரனுக்குப் பாட்டி எதையோ காட்டிக் கதை சொல்கிறாள். ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். நீ எழுதிவைத்த வரிசையில் யாரும் கேட்கப்போவதில்லை. தியேட்டர் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் கேட்க வேண்டியது கேட்காது, வேண்டாதது காதைத் துளைக்கும்.

அதனால் முதல் வேலை, கையில் ஒரு கருவியும் இல்லாமல் அங்கே போய் உட்காருவது. விடியற்காலையில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், மழை பெய்யும்போது ஒரு தரம். முற்றத்தில் விழும் மழை கூடத்துக்குள் எப்படிக் கேட்கிறது? மேல் மாடத்தில் புறா இருக்கிறதா? மரப்படி எந்த இடத்தில் முனகுகிறது? பழைய கட்டடங்களைக் கட்டியவர்களுக்குக் காது உண்டு. கோல்கொண்டாக் கோட்டைக்குப் போனவர்கள் எல்லோரும் சொல்வார்கள்: ஃபத்தே தர்வாஸா வாசலின் கவிகைக்குக் கீழே நின்று கை தட்டினால் மலை உச்சியிலுள்ள பாலா ஹிஸ்ஸார் மண்டபத்தில் கேட்கிறது என்று. அங்கே வழிகாட்டியின் இரண்டு உள்ளங்கை போதும். உன் மாளிகையிலும் அப்படி ஏதாவது ஒரு மூலை இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தில் நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ‘இங்கே நின்று கை தட்டிப் பாருங்கள்’ என்று ஒரு பலகை வைத்தால் போதும்.

பிறகு அள. நீ கல்லூரியில் படித்த சபைன் சூத்திரம் எங்கே பிறந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு மியூசியத்தில்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று, 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து போட்டு, ஒரு ஆர்கன் குழலை ஊதவிட்டு, சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்தார். வெறுங்கூடத்தில் ஒரு சொல் சுமார் 5.5 விநாடி நின்றது. அதற்குள் பேசுகிறவர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். கூடத்தின் கொள்ளளவும் அதற்குள் இருக்கும் பொருள்கள் உறிஞ்சும் அளவும்தான் இந்த முழக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவர் கண்டார். மனித உடம்பும் உறிஞ்சும் என்பதையும் அளந்தார். காலியான கூடத்தில் நீ சரிசெய்து வைத்த ஒலி, பிள்ளைகள் நிறைந்த கூடத்தில் வேறு மாதிரி இருப்பது இதனால்தான்.

உன் மாளிகையும் அதே ரகம். சுண்ணாம்புச் சுவர், கல் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல். எல்லாம் கெட்டி, எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அங்கே நாலு மூலையில் நாலு பெரிய ஸ்பீக்கர் மாட்டி, கணீர்க் குரலில் ஒருவர் ஜமீன் வரலாறு சொன்னால் யாருக்கும் ஒரு வாக்கியமும் விளங்காது. விளங்கவில்லை என்று நீ சத்தத்தைக் கூட்டுவாய். சத்தத்தோடு முழக்கமும் கூடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். முழங்குகிற கூடத்தில் கொஞ்ச தூரத்துக்கு மேல் எவ்வளவு விலகினாலும் குறையாது. ஆகவே ஒலி காதுக்குப் பக்கத்தில் பிறக்க வேண்டும். பெஞ்சின் முதுகில் ஒரு சிறிய ஸ்பீக்கர், கண்ணாடிப் பேழையின் விளிம்பில் இன்னொன்று, குனிந்தால் கேட்கும் அளவு. வேண்டிய இடத்தில் கனமான பவானி ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிடு, உறிஞ்சட்டும். பழைய சுவரில் மட்டும் துளை போட்டுவிடாதே. போட்டால் ஒலியைப் பற்றி நான் சொன்னது எல்லாம் மறந்து, சுவரைப் பற்றி மட்டும் திட்டிக் கடிதம் எழுதுவேன்.

இங்கே நீ ஒன்று சொல்வாய், எனக்குத் தெரியும். ‘ஒரே ஆளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அல்ட்ராசோனிக் ஸ்பீக்கர் வந்திருக்கிறதே!’ வந்திருக்கிறது. நல்ல சாதனம்தான். ஆனால் தாழ்ந்த ஸ்வரம் அதில் மெலிந்துபோகும். ஆண் குரல் தகரம் தட்டியது போல ஆகிவிடும். அதன் குறுகிய ஒலிக்கற்றை கண்ணாடியிலும் கல்லிலும் பட்டால் அப்படியே திரும்பி, வேண்டாத ஆளின் காதில் போய் விழும். உன் மாளிகையில் கண்ணாடியும் கல்லும் தவிர வேறென்ன இருக்கிறது?

ஸ்பீக்கரே வேண்டாம், ஹெட்போன் போதும் என்பாய் அடுத்து. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 2013இல் டேவிட் போவி கண்காட்சிக்கு அப்படித்தான் செய்தார்கள். பார்வையாளர் எந்தப் பொருளுக்கு அருகில் போகிறாரோ அதற்கேற்ற பாட்டு ஹெட்போனில் தானாக மாறும். பாடகரைப் பற்றிய கண்காட்சி என்பதால் பொருந்தியது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்கட்ராஸ் சிறையிலும் ஹெட்போன்தான். அங்கே அடைபட்டிருந்த கைதிகளும் வேலை பார்த்த காவலர்களும் தங்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். அந்தக் கொட்டடிகளுக்கு முன்னால் தனியாக நின்று கேட்பதுதான் சரி. ஆனால் நம் ஊரில் மியூசியத்துக்கு யாரும் தனியாக வருவதில்லை. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை சேர்ந்து வரும். பத்தாயத்தைப் பார்த்ததும் பாட்டி, ‘இதே மாதிரி எங்க அப்பா வீட்ல இருந்துச்சு, நான் உள்ளே இறங்கி நெல்லு தள்ளுவேன்’ என்று ஆரம்பிப்பாள். உன் மியூசியத்தில் கேட்கப்போகிற ஒலிகளிலேயே சிறந்தது அதுதான். பேத்தியின் காதில் ஹெட்போனை மாட்டி அதை அடைத்துவிடாதே.

வீணைக்கு வருவோம். பின்னணி இசை வேண்டாம். எந்த அறையிலும் வேண்டாம். வாள் இருக்கும் அறையில் வீணை, பல்லக்கு இருக்கும் அறையில் வீணை, சமையல் பாத்திரங்கள் இருக்கும் அறையிலும் வீணை என்றால் அது எதைச் சொல்கிறது? பழசு என்றால் புனிதம் என்று மட்டும் சொல்கிறது. அந்த வாளால் யார் வெட்டுப்பட்டார்கள், அந்தப் பல்லக்கை யார் தோள் சுமந்தது என்ற கேள்வியை அது மூடிவிடும். இசைக்கருவியோ இசைக்காரரோ அந்த மாளிகையில் இருந்திருந்தால் அந்த ஒரு இடத்தில் வாசிக்கட்டும். இன்னொன்று: பார்வையாளர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் நாள் முழுக்க அதே துண்டைக் கேட்பார். ஒரு மாதத்தில் அவரே ஒயரைப் பிடுங்கிவிடுவார்; அதில் அவர் மேல் தப்பில்லை. ஆள் வந்து நின்றாலோ பொத்தானை அழுத்தினாலோ மட்டும் ஒலிக்கும்படி செய். மற்ற நேரத்தில் அறை அறையாக இருக்கட்டும்.

‘இசையும் வேண்டாம், வர்ணனையும் வேண்டாம் என்றால் நான் எதற்கு?’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பொருளின் ஒலியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நீ. கண்ணாடிக்குள் ஒரு மரக்கால் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பார்க்க அது ஒரு பாத்திரம், அவ்வளவுதான். களத்தில் நெல் அளந்தவர்கள் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள், இழுத்து, ராகமாக. அடுத்த எண்ணையும் அப்படியே நீட்டி, மறு மரக்கால் நிரம்பும்வரை அந்தச் சொல்லை விடாமல் பிடித்திருப்பார்கள், எண்ணிக்கை தவறாமல் இருக்க. அந்தக் குரலும், நெல் சரியும் சத்தமும் பேழைக்குப் பக்கத்தில் மெல்லக் கேட்டால் மரக்காலுக்கு உயிர் வந்துவிடும். அளந்த நெல்லில் எத்தனை மரக்கால் ஜமீனுக்கு, எத்தனை உழுதவனுக்கு என்ற கணக்கும் கூடவே வரும். அப்படியே எழுத்தாணி பனையோலையில் கீறும் சத்தம். மிகச் சிறியது அது. ஆள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்க வேண்டும். அப்படிக் குனியும்போது ஓலையையும் கிட்டத்தில் பார்த்துவிடுவார்.

இப்படிக் குரல்களைப் பதியும்போது உன் தொழில் பழக்கம் ஒன்றை வாசலில் கழற்றிவைத்துவிட்டுப் போ. மூச்சு, இருமல், தொண்டைக் கமறல் எல்லாவற்றையும் வெட்டி வழவழவென்று ஆக்குவீர்களே, அதை. ஜேனட் கார்டிஃப் என்ற கனடியக் கலைஞர் 2001இல் ஒரு படைப்பு செய்தார். தாமஸ் டாலிஸ் என்ற 16ஆம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் 40 குரல்களுக்கு எழுதிய பாடலை, ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து, 40 ஸ்பீக்கர்களை நீள்வட்டமாக ஆள் உயரத்தில் நிறுத்தினார். நடுவில் நின்றால் முழுப் பாடல். ஒரு ஸ்பீக்கருக்கு அருகே போனால் ஒரே ஒரு மனிதக் குரல். நியூயார்க்கில் இடைக்காலக் கலைக்கென்றே உள்ள க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தின் பழைய கல் தேவாலய அறையில் 2013இல் அதை வைத்தார்கள். மொத்தம் 14 நிமிடம். அதில் 11தான் பாட்டு. மீதி 3 நிமிடமும் பாடகர்கள் இருமுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார்கள். அந்த 3 நிமிடத்தை அவர் வெட்டவில்லை. அதனால்தான் பாட்டு தொடங்கும்போது, இவ்வளவு சாதாரண மனிதர்களிடமிருந்தா இது வருகிறது என்று நெஞ்சு அடைக்கிறது.

அடுத்தது நேர்மை. இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம், முதல் உலகப் போர் முடிந்து நூறு ஆண்டானதையொட்டி 2018இல் ஒரு காட்சி வைத்தது. அவர்களிடம் இருந்தது ஒலிப்பதிவு இல்லை, ஒரு ஃபிலிம் துண்டின் படம்தான். அந்தப் போரில் எதிரியின் பீரங்கி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய வரிசையாக மைக்குகளை வைப்பார்கள். வெடிச்சத்தம் ஒவ்வொரு மைக்கையும் வெவ்வேறு கணத்தில் எட்டும். ஓடும் ஃபிலிமில் மைக்குக்கு ஒரு கோடு வீதம் அதிரும். அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால் பீரங்கியின் இடம் அகப்பட்டுவிடும். பிரிட்டிஷ் படையில் இந்த முறையை வளர்த்தவர் லாரன்ஸ் பிராக், 25 வயதிலேயே இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அருங்காட்சியகத்திடம் இருந்த துண்டு 1918 நவம்பர் 11 பகல் 11 மணிக்குச் சற்று முன்னும் பின்னும், மொசெல் ஆற்றுப் பக்கம் அமெரிக்கப் படையின் முனையில் பதிவானது. ஒரு பாதியில் ஆறு கோடுகளும் தாறுமாறாகத் துடிக்கின்றன. மறுபாதியில் அடங்கிக் கிடக்கின்றன. போர் நின்ற கணம் அது.

கோடா டு கோடா என்ற ஒலி வடிவமைப்பு நிறுவனம் அந்தத் துடிப்புகளை ஆராய்ந்து பீரங்கி ஒலியை மறுபடி உருவாக்கியது. பார்வையாளர் முழங்கைகளை ஒரு சட்டத்தில் ஊன்றி, உள்ளங்கைகளால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதிர்வு கையெலும்பு வழியாக மண்டைக்குள் ஏறும். இதில் எனக்குப் பிடித்தது, குண்டு விழும்போது மனுஷன் செய்கிற காரியத்தையே கேட்பதற்கான வழியாக்கியது. காதைப் பொத்தினால்தான் போர் கேட்கும். பக்கத்து அறைக்கு ஒரு சத்தமும் போகாது. ஆனால் பீரங்கி ஓய்ந்த பிறகு அந்த ஒலித்துண்டில் பறவை கூவுகிறது. ஃபிலிமில் பறவை இல்லை. பீரங்கியின் தாழ்ந்த அதிர்வைப் பிடிக்கச் செய்த மைக்கில் பறவைக் குரல் விழவும் விழாது. வடிவமைத்தவர்கள் சேர்த்தது அது. உலகம் முழுக்க அந்தத் துண்டைக் கேட்டவர்களில் பலர் ‘போர் நின்ற நொடியின் ஒலிப்பதிவு’ என்றே நம்பிவிட்டார்கள். என் கையில் இருந்திருந்தால் பறவையை எடுத்துவிட்டு வெறும் மௌனத்தை விட்டிருப்பேன்.

‘எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டால் மாளிகை ஊமையாகிவிடுமே, அத்தை’ என்கிறாயா? ஆகாது. கற்பனையாகவும் செய், யார் தடுத்தது? ஆனால் பலகையில் எழுது. இன்றைக்குப் பதிந்த ஒலி என்றால் எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் குரல் என்று போடு. நீயாக உருவாக்கியது என்றால் ‘உருவாக்கியது’ என்று போடு. பேழைக்குள் இருக்கும் பொருளுக்குச் சீட்டு எழுதுகிறோமே, ஒலிக்கு மட்டும் ஏன் கூடாது?

மதுரைப் பிள்ளையாயிற்றே நீ, திருமலை நாயக்கர் மகால் ஒலி-ஒளிக் காட்சியை இழுப்பாய். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் ஒலியின் மேலேயே ஆசை வந்தது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. அது நல்ல வகை. 1952இல் பிரான்ஸில் ஷாம்போர் கோட்டையில் தொடங்கிய முறை, நம் ஊருக்கும் வந்து வேரூன்றிவிட்டது. அங்கே ராத்திரி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம். அது நாடகம், நாடகமென்று தெரிந்தே பார்க்கிறோம். அதைப் பகலில் நடந்து பார்க்கும் அறைகளுக்குள் கொண்டுவராதே என்பதுதான் என் வழக்கு. எல்லா இடமும் அதைத் தாங்காது. ஜாலியன்வாலா பாகில், 1919 ஏப்ரல் 13 அன்று கூடியிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மைதானத்தில், 2021 புதுப்பிப்பின்போது ஒலி-ஒளிக் காட்சியும் சேர்த்தார்கள். வரலாற்றாசிரியர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். நான் அவர்கள் பக்கம்தான். குண்டடிபட்ட சுவரின் முன்னால் யாரும் எனக்குக் குரல் கொடுத்து உணர்ச்சி ஊட்ட வேண்டியதில்லை.

ஒலியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. பெர்லின் யூத அருங்காட்சியகத்தில், உயரமான வெறுங் கான்கிரீட் வெளி ஒன்றின் தரையில், வாய் திறந்த முகங்களாக வெட்டிய கனத்த இரும்பு வட்டுகளைப் பரப்பியிருக்கிறார் மெனாஷே கடிஷ்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி. பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றின் மேல் நடந்து போகலாம். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு இரும்பில் மோதி, அந்த ஓசை சுவர்களில் ஏறிப் பல மடங்காகத் திரும்பி வருகிறது. சிலர் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றுவிடுவார்கள். ஒரு ஸ்பீக்கர் கிடையாது, ஒரு ஒயர் கிடையாது. அந்த ஒலியை எழுப்புகிறவரே கேட்கிறவரும். இதைவிட ஒரு ஒலி வடிவமைப்பு இருக்கிறதா என்று யோசித்துப் பார்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். காது கேளாதவர்களுக்கு ஒவ்வொரு ஒலிக்கும் எழுத்தில் ஒரு வடிவம் வை. காதுக்கருவி வைத்திருப்பவர்களுக்கு, ஒலியை நேராக அந்தக் கருவிக்கே அனுப்பும் இண்டக்ஷன் லூப் போட முடியுமா என்று விசாரி. கரண்ட் போய்த் திரும்பினால் எல்லாம் தானாக ஓடத் தொடங்க வேண்டும். நீ சென்னையிலிருந்து வந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து அறைகளில் முரசு போன்ற தாழ்ந்த ஒலிகளை வைக்காதே. அவை சுவரைத் தாண்டும்.

வேலை ஆரம்பிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்துவிடு. ஜமக்காளமும் பேழையும் வருமுன், வெறுங்கூடத்தில் பலூனை உடைத்து, அந்த முழக்கம் அடங்கும்வரை அறை அறையாகப் பதிந்து வை. இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் அப்படிப் பலூன் உடைத்துப் பதிந்ததை வைத்துத்தான், அதன் 10 விநாடிக்கும் மேற்பட்ட முழக்கத்தை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு அரங்கில் பாடகர்களுக்கு உண்டாக்கிக் கொடுத்தார்கள். பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தின் ஒலியியலை பிரையன் காட்ஸ் என்பவரின் குழு 2013இல் அளந்து வைத்திருந்தது. 2019 ஏப்ரலில் கூரை எரிந்து விழுந்தபோது, கட்டடம் முன்பு எப்படி ஒலித்தது என்பதற்கு அந்த அளவுகள் சாட்சியாக நின்றன. உன் மாளிகையை நாளைக்கே யாராவது பளிங்கு பதித்துப் ‘புதுப்பிக்கலாம்’. அதற்கு முன் அதன் குரல் உன்னிடம் இருக்கட்டும்.

நெல் அளந்த பெரியவர்களைத் தேடிப் போவதை மட்டும் தள்ளிப்போடாதே. தை அறுவடை நெருங்குகிறது. களத்தை மெஷின் எடுத்துக்கொண்டு பல காலமாகிவிட்டது, ‘லாபம்’ என்று இழுத்து எண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்களிடம் சம்மதம் கேள், உரிய கூலி கொடு, பெயரைப் பலகையில் போடு. ஸ்பீக்கரைப் பங்குனியில் வாங்கிக்கொள்ளலாம். இந்த வாரமே ஒரு நல்ல மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பு.

அன்புடன்,
அத்தை